மிதக்கிற மீன்

மீன்காரி அகோத்தம்மாவுக்கு நான் தர வேண்டியிருந்தது ஆயிரத்து முந்நூற்று எழுபது ஷில்லிங். மீன் ஒன்று பத்து ஷில்லிங், ஆக நூற்று முப்பத்தேழு மீன். அவளுடைய கொட்டகைத் தகரக் கதவின் உள்பக்கம் அத்தனைக்கும் கரிக்கோடு இருந்தது. நாற்பத்து மூன்று வயதில் எழுத்துப் படித்தவன் நான். ஒரு நோட்டில் கணக்கு எழுதித் தருகிறேன் என்று அவளிடம் சொன்னேன்.

"உன் எழுத்து உன் பக்கந்தான் பேசும் கொழுந்தனாரே. கரியே இருக்கட்டும்" என்றாள்.

அவள் புருஷன் எனக்குப் பெரியப்பா மகன், என்னைப் போலவே படகுக்காரன். அவனை ஏரி கொண்டுபோய் ஒன்பது வருஷமாகிறது. அதிலிருந்து அவள் கரையில் உட்கார்ந்து மீன் விற்கிறாள். கூடையிலிருந்து உள்ளங்கை அகல ஜிலேபி மீன்களாகப் பொறுக்கி என் வாளியில் போடுவாள். "பறவை தின்னுது, வெள்ளைக்காரன் படம் புடிக்கிறான், நீ காசு வாங்குற. நடுவுல கடன்காரி நான் ஒருத்தி. நியாயமாப் பாத்தா அந்தப் பறவைதான் எனக்குக் காசு தரணும்" என்று சொல்லிவிட்டு ஒரு மீன் கூடவே போடுவாள். அதற்குக் கோடு கிடையாது.

எங்கள் கரையிலிருந்து தீவுப் பூங்காவுக்கு என் படகில் முக்கால் மணி நேரம். வருகிறவர்கள் மானைப் பார்ப்பார்கள், நீர்யானையின் காதைப் பார்ப்பார்கள், நாரை கொக்குகளின் பெயரை எழுதிக்கொள்வார்கள். ஆனால் ஊருக்குப் போய் வாயைத் திறந்தால் பேசுவது மீன்கழுகைப் பற்றித்தான். வடக்கு முனையில் ஒரு அத்திமரத்தில் ஜோடியாக இருந்தன. நான் எஞ்சினை அணைத்துவிட்டு விசிலடிப்பேன். மீனை உயர்த்திக் காட்டிவிட்டுத் தண்ணீரில் எறிவேன். வெள்ளைத் தலை ஒன்று மரத்தைவிட்டுக் கழன்று, காலை முன்னால் நீட்டிக்கொண்டு இறங்கும். படம் நன்றாக வந்துவிட்டால் என் கைக்கும் ஏதாவது வரும்.

புதிதாகச் செத்த மீன் மூழ்கிவிடும். அதனால் எங்கள் கரைப் படகுக்காரர்கள் எல்லோரும் கோரைத் தண்டை விரல் நீளத்துக்கு ஒடித்து மீனின் வாய்க்குள் செருகிவிடுவோம். தண்டு ஏரியில் முளைத்தது. கழுகு அதைத் துப்பினாலும் விழுங்கினாலும் ஒன்றும் ஆகாது.

இந்த வருஷம் மழையோடு ஆகாயத்தாமரை வந்து கோரைத் துறையை அடைத்துக்கொண்டது. ஒரு கைப்பிடி கோரைக்கு நெஞ்சளவு தண்ணீரில் ஒரு மணி நேரம் பாய் பாயாக அதைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அடியில் நீர்யானை கிடந்தாலும் தெரியாது. விடியற்காலையில் மணல் சுமந்துவிட்டுத்தான் நான் படகுக்கே வருவேன். முழங்கால் இரண்டும் அப்போதே அன்றைய கணக்கை முடித்திருக்கும். அப்படி ஒரு காலையில், உடைந்த மீன்பெட்டி ஒன்று கரையில் கிடந்தது. தெர்மாகோல் பெட்டி. ஒரு துண்டைக் கிள்ளி மீன் வாயில் திணித்தேன். கோரையைவிட நன்றாக மிதந்தது. இத்தனை நாளாக இது தோன்றவில்லையே என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

இரண்டரை மாதம் அந்தப் பெட்டி எனக்கு ஓடியது. நடுவில் ஒருநாள் ஆட்களை இறக்கிக் காட்டப் போனபோது, அத்திமரத்தடி எச்சத்தில் ஜவ்வரிசி மாதிரி வெள்ளை வெள்ளையாகக் கிடந்ததைப் பார்த்தேன். நத்தை ஓடு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். காலால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டுத்தான் அவர்களைக் கூப்பிட்டேன். நத்தை ஓட்டை யாராவது மூடுவார்களா?

பெட்டைக் கழுகு செத்த அன்று பூங்காக் காவலர் முட்டிசோ அதைச் சாக்கில் போட்டுக் கரைக்குக் கொண்டுவந்தார். மேசைமேல் கிடத்தி, இறக்கையைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். உடம்பெல்லாம் எலும்பாக இருந்தது. வயிறு மட்டும் அமுக்கிக் கட்டிய மூட்டை மாதிரி இறுகியிருந்தது. என் கட்டைவிரல் அங்கே பட்டதும் எடுத்துக்கொண்டேன்.

"மீன் யார்கிட்ட வாங்குற வசோங்கா?"

"அகோத்தம்மாகிட்ட சார்."

"மருந்து போட்டு மீன் புடிக்கிறாங்கன்னு பேச்சு அடிபடுதே. அவ யார்கிட்ட எடுக்குறா?"

"அது எனக்குத் தெரியாது சார்."

ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அறுத்துப் பார்க்க நகரத்திலிருந்து ஆள் வருவதற்குள் நாறிவிடும் என்று பறவையைப் புதைத்துவிட்டார்கள். முட்டிசோ ஒரு தாள் எழுதினார். 'மீனில் விஷம் என்று சந்தேகம்.' கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். முன்போல் கைநாட்டு வைக்கிறவனாக இருந்திருந்தால் என்ன எழுதியிருந்ததோ என்று தப்பித்திருக்கலாம். நான் எழுத்துக் கூட்டி முழுவதையும் படித்துவிட்டுத்தான் போட்டேன்.

மறுநாளே அகோத்தம்மாவைத் துறையில் உட்காரக் கூடாது என்றார்கள். அவள் கூடையிலிருந்து ஒரு சுட்ட மீனை எடுத்து முட்டிசோ முன்னாலேயே தலையிலிருந்து வால்வரை தின்றாள். முள்ளைக் கையில் வைத்துக்கொண்டு, "சாயங்காலம் வந்து நான் செத்துட்டேனான்னு பாத்துட்டுப் போ" என்றாள். கரையில் நாலைந்து பேர் சிரித்தார்கள். நான் எஞ்சினில் ஏதோ பழுது பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

மூன்று வாரமாக அவள் மீனைப் புகைபோட்டு, தலையில் சுமந்து, மேட்டுச் சந்தைக்கு நடந்தாள்.

நேற்று பறவை பார்க்க ஒரு பெண்மணி வந்தாள். மீன் போடக் கூடாது என்று உத்தரவு, வாளி காலியாக இருந்தது. வடக்கு முனையில் எஞ்சினை அணைத்தேன். ஆண் கழுகு அத்திமரத்தில் தனியாக இருந்தது. தலையைப் பின்னால் சாய்த்துக் கூவியது. பாதியில் நிறுத்தியது. முன்பெல்லாம் கூவலின் அந்த இடத்தில் பெட்டை சேர்ந்துகொள்ளும். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு மறுபடி முதலிலிருந்து கூவியது.

"இதோட ஜோடி எங்க?" என்று கேட்டாள்.

"இரைக்குப் போயிருக்கும்மா" என்றேன்.

இறங்கும்போது ஐந்நூறு ஷில்லிங் கொடுத்தாள். படகை இழுத்துக் கட்டிவிட்டு அந்த நோட்டோடு நேரே அகோத்தம்மா கொட்டகைக்குப் போனேன். வாளித் தண்ணீரில் கையை விட்டு மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கால் வீங்கியிருந்தது.

"மதினி, ஐந்நூறு இருக்கு. மிச்சம்..."

"பைக்குள்ள வை அதை." என் முகத்தை அவள் பார்க்கவில்லை. "நானும் ராத்திரியெல்லாம் யோசிச்சுப் பாத்தேன். வலைக்காரனுக பத்துப் பேர்கிட்ட எடுக்குறேன். எவன் என்ன போட்டான்னு நான் கண்டனா? நான் தின்ன மீன் நல்ல மீனா இருந்திருக்கும். அது தின்னது... என் மீன்தானே கொழுந்தனாரே. கடல் மாதிரி கெடக்குற ஏரியில நம்ம முனைக்கு அது ரெண்டுதான் இருந்துச்சு. உன் பொழப்புலயும் மண்ணு விழுந்துருச்சு. என்கிட்ட நீ ஒண்ணும் தர வேணாம்."

எழுந்து போய் ஈரக் கையால் கதவைத் துடைத்தாள். மேலிருந்து கீழே, இரண்டு இழுப்பு. நூற்று முப்பத்தேழு கோடும் கரிச்சேறாகத் தகரத்தில் வழிந்தது. வந்து உட்கார்ந்து மறுபடி மீனைக் கையில் எடுத்தாள்.

என் கால்சட்டைப் பையில் மூன்று வாரமாக ஒரு தெர்மாகோல் துண்டு கிடந்தது. எறிந்துவிடலாம் என்று எடுப்பேன், ஏரியில் எறிந்தால் மிதக்குமே என்று திரும்ப வைத்துக்கொள்வேன். அதை எடுத்து அவள் வாளியில் போட்டேன்.

"என்ன இது?"

"கோரை கிடைக்கல மதினி" என்றேன்.

அதற்குமேல் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. படகுக்காரன் பொண்டாட்டியாக இருந்தவள். கையிலிருந்த மீனின் வாயைப் பார்த்தாள். வாளியைப் பார்த்தாள். வெள்ளைத் துண்டு மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒற்றை விரலால் அதைத் தொட்டு, வாளியின் அடிவரை அமுக்கினாள். விரலை எடுத்ததும் அது மேலே வந்தது, அவள் விரல் கரி ஒட்டிக்கொண்டு. மறுபடி அமுக்கினாள்.