எல்லா உதைக்கும் சேர்த்து ஒரு கும்பிடு

என் மகள் என்னை ஒழுங்காக உதைக்கப் பழகுவதற்கு ஒரு வருடம் ஆனது. பெற்ற தாய் இதைப் போய்ப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாளே என்று நீங்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். உதை வாங்கியவள் நான். பெருமைப்பட எனக்கு உரிமை இருக்கிறது.

என் பெயர் நதியா. தேவதானப்பட்டியில் மாவு மில் வைத்திருக்கிறேன். என் வாயைப் பற்றி ஊரில் நாலு விதமாகப் பேசுவார்கள். அதிலும் மிளகாய் அரைக்கிற நாளில் என்னிடம் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். எனக்குப் பிறந்த சிம்ரனோ வாயே திறக்க மாட்டாள். பதினோரு வயது. பஸ்ஸில் யாராவது அவள் காலை மிதித்தால் இவள்தான் சாரி சொல்லுவாள். பள்ளிக்கூட வேனில் ஏறினால், முதலில் ஏறியவள் இவளாகவே இருந்தாலும், எவனாவது ஒருத்தன் "தள்ளு" என்றதும் ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுத்துவிட்டுப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்து வருவாள்.

அதனால்தான் குங்ஃபூவில் சேர்த்தேன். பெரியகுளத்திலிருந்து ஜான்சி என்று ஒரு பெண் ஸ்கூட்டியில் வந்து, எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்து மாடியில் சனி, ஞாயிறு சாயங்காலம் சொல்லிக்கொடுக்கிறாள். முப்பது வயதுகூட இருக்காது. பிள்ளைகள் எல்லாம் 'மாஸ்டரக்கா' என்று கூப்பிடும். முதல் நாள் சிம்ரனை விட்டுவிட்டு நான் படியிறங்கப் போனால், குறுக்கே வந்து நின்றாள்.

"எங்க போறீக?"

"மில்லுல ஆளு நிக்கிது, மாஸ்டரு."

"இங்கன ஒரு சட்டம் இருக்குக்கா. புதுசா சேர்ற பிள்ளையோட அப்பாவோ அம்மாவோ கூட நின்னு பழகணும். ஓரமா உக்காந்து போனப் பாக்குறதுக்கெல்லாம் எடமில்ல."

"எனக்கு எதுக்கு இந்தக் கூத்து? நான் வாயாலயே நாலு பேரச் சாய்ச்சுப்புடுவேன்."

"தெரியும்க்கா. எங்க சித்தி ஒங்க மில்லுக்கு அரைக்க வந்திருக்காக," என்றாள், கொஞ்சமும் சிரிக்காமல்.

என் வீட்டுக்காரர் விஜயபாண்டி லோடு வண்டி ஓட்டுகிறவர். சனி, ஞாயிறில் மாங்காயோ வாழைத்தாரோ ஏற்றிக்கொண்டு குமுளி மலையில் இருப்பார். ஆக, நான்தான் நிற்க வேண்டும். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் முதல் தடவையாக டிராக் பேண்ட் வாங்கிப் போட்டுக்கொண்டு வீட்டில் நின்றேன். "ஏ புள்ள, போலீஸ் செலக்சனுக்கா?" என்று கேட்டுவிட்டு அந்த மனிதர் சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது. அன்றைக்கு ராத்திரி அவருக்குப் பழைய குழம்புதான்.

முதல் மாதம் முழுக்க குதிரை நிலை. காலை அகட்டி, முட்டியை மடக்கி, இல்லாத நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி நிற்க வேண்டும். தொடை இரண்டும் வெடவெடவென்று ஆடும். மிளகாய் அரைத்துவிட்டு நான் கையை வீசினால் பக்கத்தில் நிற்கிற பிள்ளைகள் வரிசையாகத் தும்மும். எனக்குப் பக்கத்து ஜோடி பொன்னுராஜ் அண்ணனும் அவர் மகள் ஜெபாவும். அண்ணன் ஹார்டுவேர் கடைக்காரர். குதிரை நிலையில் நின்றபடியே போனில் பெயிண்ட்டுக்கு விலை சொல்லுவார். ஜெபா சிம்ரனுக்குச் சிநேகிதியானாள். இவளுக்கு என்று அமைந்த ஒரே சிநேகிதி.

வகுப்பு முடிந்ததும் நானும் சிம்ரனும் தள்ளுவண்டியில் பருத்திப்பால் குடிப்போம். அங்கேதான் ஒரு அதிசயம் நடந்தது. வீட்டில் ஒரு வாரமெல்லாம் பேசாத பேச்சை என் பிள்ளை அந்த வண்டி முன்னால் நின்று பேசுவாள். எந்த டீச்சர் எப்படி நடப்பார், ஜெபா வீட்டு நாய் எதைத் தின்னும், நான் குத்து விடும்போது என் மூக்கு எப்படி விடைக்கிறது, எல்லாம் சொல்லுவாள். டம்ளரை வாங்கிக் கழுவி வைத்த பிறகும் கிளம்ப மனசு வராமல் நின்றுகொண்டிருப்பேன். மில்லில் எத்தனை பேர் காத்திருந்தால் எனக்கென்ன? அந்த நேரத்துக்காகவே சனிக்கிழமை எப்போது வரும் என்று பார்க்க ஆரம்பித்தேன்.

சிக்கல் வந்தது காலால். குத்து வரைக்கும் சரியாக இருந்தது. உதை பழக ஆரம்பித்தபோது, நான் மெத்தை மாதிரி ஒரு பேடை நெஞ்சுக்கு நேராகப் பிடிக்க வேண்டும், சிம்ரன் உதைக்க வேண்டும். முதல் உதையில் அவள் பாதம் வழுக்கி என் முழங்கையில் பட்டது. பட்டதுதான் தாமதம், குனிந்து என்னைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அடுத்த உதையிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

"ஏத்தா, சண்டையில நீ குனிஞ்சு கும்பிடுற நேரத்துல எதிராளி ஒன் முதுகுல குத்திருவான்ல?" என்றாள் ஜான்சி.

"காலு பட்டுருச்சே, மாஸ்டரக்கா," என்றாள் இவள்.

மில்லில் வளர்ந்த பிள்ளை. தவழ்ந்ததே மூட்டைகளுக்கு நடுவில்தான். அரிசி மூட்டை, கேப்பை மூட்டை, ஊரார் கொண்டுவந்து வைத்த வாளி, டின் என்று திரும்பின பக்கமெல்லாம் காலில் இடறும். தானியம் லட்சுமி, கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள், இல்லாவிட்டால் சாமி கண்ணைக் குத்தும் என்று நானேதான் பழக்கி வைத்திருந்தேன். மூட்டைக்கே அந்த மரியாதை என்றால் பெற்ற தாய்க்கு எவ்வளவு இருக்கும்! அவள் கை அவளைக் கேட்காமலே குனிந்துவிடும்.

வெள்ளை பெல்ட்டிலிருந்து மஞ்சள் பெல்ட்டுக்குப் போக ஜோடிப் பரீட்சை உண்டு. பிள்ளை உதைக்கப் பெற்றவர் பேட் பிடிக்க வேண்டும், பிறகு பெற்றவர் உதைக்கப் பிள்ளை பிடிக்க வேண்டும். ஆளுக்கு ஆள் தனி மார்க். தேறிய பிள்ளை அடுத்த வகுப்புக்குப் போய்விடும். அங்கே பெற்றவர் துணை வேண்டாம். தீபாவளிக்கு முன்னால் நடந்த பரீட்சையில் சிம்ரன் உதைக்கு உதை கும்பிட்டுத் தோற்றாள்; நான் உதைக்கிற முறை வரவே இல்லை. ஜெபா உதைக்கிற நேரத்தில் பொன்னுராஜ் அண்ணன் பேடை விட்டுவிட்டுப் போனை எடுத்ததால் அவர்கள் ஜோடியும் தோற்றது. அதனால் சிம்ரனுக்கு அன்றைக்கு வருத்தமே இல்லை.

தை மாதம் மறுபரீட்சை என்றார்கள். பருத்திப்பால் வண்டி முன்னால் சிம்ரன் மெதுவாகச் சொன்னாள்.

"ஜெபா இந்தவாட்டி பாஸாயிருவாம்மா. அவுக அம்மா அவுகப்பா போனப் புடுங்கி பீரோவுல வச்சுப் பூட்டப் போறாகளாம்."

"நீயும் பாஸாயிரு."

"என்னால முடியாதும்மா. அவ மேல போயிட்டா நான் சின்னப் பிள்ளைகளோட தனியா நிக்க மாட்டேன். வகுப்புலருந்து நின்னுக்கிறேன்."

இவள் நின்றுவிட்டால் குங்ஃபூவும் போச்சு, சிநேகிதியும் போச்சு, இந்தப் பேச்சும் போச்சு. மறுபடியும் வேன் நடுவில் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். விடுவேனா நான்?

என்னென்னவோ செய்து பார்த்தேன். சாக்ஸ் போட்டு உதைக்கச் சொன்னேன். "சாக்ஸுக்குள்ள இருக்குறதும் காலுதானம்மா," என்றாள். என்னை அம்மாவாக நினைக்காதே, வேனில் உன்னைத் தள்ளு என்கிற பையனாக நினைத்துக்கொள் என்றேன். "அவன் மேலயும் காலு படக்கூடாதுல்லம்மா?" என்றாள். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"எவடி ஒனக்கு இந்தக் கருமத்தச் சொல்லிக்குடுத்தது?"

"நீதாம்மா."

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். அங்கே போய்ச் சிரித்தார் என்று எனக்குத் தெரியும்.

பரீட்சைக்கு முந்தின நாள் பள்ளிக்கூடம் லீவு. சிம்ரன் மில்லில் இருந்தாள். நான் ஒரு மூட்டை மேல் ஏறி நின்று மிஷின் வாயில் கேப்பையைக் கொட்டிக்கொண்டிருந்தேன். மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கேட்டாள்.

"நீ மட்டும் மூட்ட மேல ஏறி மிதிச்சுக்கிட்டு நிக்கிறியேம்மா?"

"கடை தொறந்ததும் எல்லாத்துக்கும் சேத்துத் தொட்டுக் கும்பிட்டுட்டேன்ல? நாளெல்லாம் காலு படும், ஒவ்வொண்ணுக்கும் குனிஞ்சுக்கிட்டிருந்தா எப்ப அரைக்கிறது?"

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. மிஷினை நிறுத்தினேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"சேத்து முன்னாடியே கும்பிட்டா செல்லுமாம்மா?"

"லட்சுமிக்கே செல்லுது. எனக்குச் செல்லாதா?"

மறுநாள் மண்டப மாடியில் மதுரையிலிருந்து வந்த பரீட்சைக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் முறை வந்தது. நான் பேடைத் தூக்குவதற்குள் சிம்ரன் என் இரண்டு காலையும் தொட்டு நிதானமாகக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஆசீர்வாதம் வாங்குகிறாள் என்று நினைத்துப் பரீட்சைக்காரர் தலையை ஆட்டினார். அவள் எழுந்து பின்னால் தள்ளி நின்றாள். "ஹா" என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் என் பிள்ளையின் தொண்டையிலிருந்துதான் வந்ததா என்று நான் யோசிப்பதற்குள் பேட் என் நெஞ்சில் மோதி, நான் பொத்தென்று கீழே உட்கார்ந்திருந்தேன். அவள் கால் என் தோளில் உரசியிருந்தது. அவள் கை கும்பிடப் பாதி நீண்டதைப் பார்த்தேன். ஆனால் குனியவில்லை.

"எந்திரிம்மா," என்றாள். "இன்னும் இருக்கு."

என் ராசாத்தி! இடுப்பு வலியோடு எழுந்து நின்று மிச்ச உதையையும் வாங்கிக்கொண்டேன். ஜெபா கைதட்டினாள்.

அடுத்து என் முறை. சிம்ரன் பேடைப் பிடித்தாள். நான் உதைத்தேன். மனசு முழுக்க அவள் ஜெயித்துவிட்டாள் என்ற நினைப்பு. கால் பேடுக்கு மேலே ஏறி அவள் கன்னத்தில் லேசாகத் தட்டிவிட்டது. அய்யோ என் பிள்ளை என்று பதறிக் குனிந்து, அவள் கன்னத்தைத் தொட்டு என் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஒரு தரம் இல்லை, இரண்டு தரம். நிமிர்ந்து பார்த்தால் மண்டபமே சிரிக்கிறது. சிம்ரன் பேடுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்குகிறாள். ஜான்சி, சிரிக்கவே தெரியாதவள், சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

சிம்ரன் பாஸ். ஜெபா பாஸ். பொன்னுராஜ் அண்ணன்கூட பாஸ். நான் மட்டும் பெயில்.

"பரவாயில்ல தங்கச்சி, அடுத்தவாட்டி பாத்துக்கலாம்," என்று அண்ணன் எனக்கு ஆறுதல் சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அன்றைக்கு என் பருத்திப்பால் டம்ளரிலேயே ஆறிப்போனது. பிள்ளை மஞ்சள் பெல்ட்டைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு ஜெபாவோடு பேசிக்கொண்டிருந்தாள். நான் ஆசைப்பட்டதுதான். ஆனால் இனிமேல் அவளுக்கு நான் வேண்டாம். சந்தோஷம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். "என்னம்மா கண்ணு செவந்திருக்கு?" என்றாள். மிளகாய் நெடி என்றேன். அன்றைக்கு நான் அரைத்தது பச்சரிசி.

அடுத்த சனிக்கிழமை அவளை மாடியில் விட்டுவிட்டுப் படியிறங்கத் திரும்பினேன். டிராக் பேண்ட் போடவில்லை, சேலைதான். வெள்ளை பெல்ட்டுச் சின்னப் பிள்ளைகளின் வகுப்பு தொடங்கப் போகிற நேரம். சிம்ரனுடைய புது வகுப்புக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. சீக்கிரம் போகணும் என்று அவள்தான் என்னை இழுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"எங்க போற?" என்று சிம்ரன் குறுக்கே வந்து நின்றாள்.

"மில்லுல ஆளு நிக்கிதுத்தா."

அவள் ஜான்சி பக்கம் திரும்பினாள். மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"மாஸ்டரக்கா, எங்கம்மா இன்னும் வெள்ள பெல்ட்டு. வெள்ள பெல்ட்டுக்குக் கூட நிக்க வீட்டு ஆளு ஒருத்தர் வேணும்னு நீங்கதான சொன்னீக? நான் நிக்கிறேன். எங்கம்மாவச் சேத்துக்கங்க."

ஜான்சி சொன்னது அப்பா அம்மாவைத்தான். பிள்ளையை இல்லை. ஆனால் அவள் அதைத் திருத்தப் போகவில்லை. தனக்கு ஒரு ஜன்னல் சீட்டைக் கேட்டு வாங்கத் தெரியாத பிள்ளை, எனக்காக நாலு பேர் முன்னால் சத்தமாகக் கேட்டுவிட்டது. வாயாலேயே நாலு பேரைச் சாய்க்கிற என்னை ஒரே பேச்சில் சாய்த்துவிட்டாள்.

"சேலையோட எப்பிடிக்கா?" என்றாள் ஜான்சி கடைசியில்.

"நான் கொண்டாந்திருக்கேன்," என்று சிம்ரன் தன் பையிலிருந்து என் டிராக் பேண்ட்டை எடுத்தாள்.

மாற்றிக்கொண்டு வந்து நின்றேன். பேடை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து, குதிரை நிலையில் அழுத்தமாக நின்றுகொண்டு, என் மகள் கண்டிப்பாகச் சொன்னாள்.

"மொதல்ல கும்பிட்டுக்கம்மா. எல்லா ஒதைக்கும் சேத்து. நடுவுல குனிஞ்ச, மறுபடியும் பெயிலு."

அவள் இரண்டு தோளையும் தொட்டேன். கன்னத்தைத் தொட்டேன். தலையைத் தொட்டேன். எல்லாவற்றையும் சேர்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கொஞ்ச நேரம் கையை அங்கேயே வைத்திருந்தேன்.

"போதும்மா," என்றாள். "ஒதை."