காய்க்காத மரத்துக்கு ஓங்கிய கோடரி

2012 ஜனவரி 15. மாமரத்துக்குச் சாணம் போட்டதில் பிழை விட்டேன். அடிமரத்தை ஒட்டிக் குவித்துவிட்டேன். ஒரு அடி தள்ளிப் போட்டிருக்க வேண்டும். பட்டை ஊறி, அழுத்தினால் விரல் உள்ளே போகிறது.

இதைத் தன் தோட்டக் குறிப்பேட்டில் எழுதிய பரிமளம் பகலில் கண்டி நகரத்து மருந்துக்கடை ஒன்றில் வேலைக்கு நிற்பவள். மாலையில் குண்டசாலையில் வீட்டுத்தோட்ட வகுப்புக்குப் போகிறவள். மறுநாள், மாட்டுப் பொங்கலன்று காலையில், சாணத்தை விலக்கக் குனிந்தபோதுதான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. அடியில் புழு குடைந்த மரத்தூள். மார்பளவு உயரத்தில் பிரிந்து சமையலறைத் தகரக் கூரையின்மேல் சாய்ந்திருந்த பெரிய கிளையின் கவட்டில், பழைய கோடரிக் காயங்களிலிருந்து கறுப்பாக நீர் கசிந்தது. பக்கத்தில் தட்டுப் போலக் காளான். சுத்தியலால் தட்டினாள்; வெற்றுப் பீப்பாய் மாதிரிக் கேட்டது. காதில் சந்தேகம் வந்து இன்னும் இரண்டு முறை தட்டினாள்.

அந்தக் காயங்கள் அவள் அண்ணன் கறுப்பையா போட்டவை. காய்க்காத மரத்தை மாட்டுப் பொங்கலன்று மிரட்டுவது அவர்கள் வீட்டு வழக்கம். ஒருவர் கோடரியை ஓங்கி "வெட்டவா?" என்பார். இன்னொருவர் மரத்தைக் கட்டிக்கொண்டு "வேணாம், வர்ற வருசம் காய்க்கும்" என்று கெஞ்சுவார். ஒப்புக்கு ஒரு கொத்து, அவ்வளவுதான். கல்யாணமாகி ஐந்து வருடமாகியும் பிள்ளையில்லாத கறுப்பையா ஒப்புக்குக் கொத்துவதில்லை. கெஞ்சுவது எப்போதும் அவன் மனைவி ஞானேஸ்வரி.

அன்று மாலை கறுப்பையா தன் ஓட்டோவை நிறுத்தியதும் கோடரியோடு வந்தான்.

"அண்ணே, இந்த வருசம் வேணாம். மரம் உள்ளுக்க உளுத்துப் போச்சு. நீங்க கொத்தின எடத்தாலதான் நோய் ஏறியிருக்கு. வெட்டினா கெளை விழுந்துரும்."

"ஓ, மரத்து டாக்டரம்மா! நீ கொட்டின சாணியில பட்டை அழுகலியோ?"

அது உண்மைதான். ஒன்று பிழையானால் மற்றதும் பிழையோ? அவள் தயங்கி நின்ற நேரத்துக்குள் அவன் ஞானேஸ்வரியைக் கொண்டையைப் பிடித்து இழுத்துவந்து, முகத்தை மரத்தில் மோதினான். மூக்கிலிருந்து இரத்தம் பட்டையில் வழிந்தது.

"புடிடி மரத்தை. ரெண்டு மலடும் ஒண்ணா நில்லுங்க. காய்க்கும்னு சொல்லு!"

ஞானேஸ்வரி மரத்தைப் பிடித்தாள்.

"சொல்லுடி!"

"எனக்குத் தெரியாதுங்க. வெட்டுறதுன்னா வெட்டுங்க."

முதல் வெட்டு அவள் தலைக்குப் பக்கத்தில் இறங்கியது. ஈரத்தூள் தெறித்தது. மேலே கிளை முனகியது. பரிமளம் பாய்ந்து அண்ணியின் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். கோடரிக் காம்பு அவள் முதுகில் விழுந்தது, மீண்டும் விழுந்தது. அவள் பிடியை விடவில்லை. இருவரும் கிணற்றுப் பக்கம் உருண்டார்கள்.

"நீங்க சொல்லாட்டி மரம் சொல்லும்டி!" என்று கத்திக்கொண்டு அவன் அடுத்த வெட்டை முழுப் பலத்தோடு இறக்கினான்.

கிளை கவட்டோடு பிளந்தது. தகரத்தை நசுக்கி, புரண்டு, அவன் தோள்மேல் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் பரிமளத்துக்குக் கேட்டது. இந்த முறை காதில் சந்தேகம் வரவில்லை.

"தூக்குங்கடி, மூதேவிகளா!" என்று கிளைக்கடியில் கிடந்து அலறினான். இரண்டு பேரும் கிளையை நெம்பித் தூக்கினார்கள். ஓட்டோ ஸ்டேண்டு ஆட்கள் ஓடிவந்து அவனைக் கண்டி ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள்.

வார்டு வாசலில் ஞானேஸ்வரி மூக்கில் பஞ்சோடு நின்றாள். "நான் இங்க நிக்கல புள்ள. அவரோட ஆளுங்க பாத்துக்குவாங்க. இன்னைக்கு ராவு வீட்டுல படுத்துட்டு, விடிஞ்சதும் கம்பளைக்கு, அம்மாகிட்ட போறேன்."

"திரும்பி வருவீங்களா அண்ணி?"

"அந்தக் கோடரி இருக்கிற வீட்டுக்கா?" பஞ்சை மாற்றி வைத்துக்கொண்டு, "மரம் பொழைக்குமா?" என்று கேட்டாள்.

"தெரியல அண்ணி. மத்தக் கெளை நல்லா இருக்கிற மாதிரித்தான் தெரியுது."

பக்கத்தில் அண்ணி இருக்க, வீடு திரும்பும் பஸ்ஸில் பரிமளம் எழுதினாள். முதுகு நிமிரவில்லை, எழுத்து கோணிக்கொண்டு போனது.

நாளை: விடிந்ததும் அண்ணியைக் கம்பளைக்குக் கூட்டிப் போய் விட வேண்டும். திரும்பி வந்து, பிளந்த இடத்தைக் கைவாளால் பிசிறில்லாமல் அறுக்க வேண்டும். மீதிச் சாணத்தையும் ஒரு அடி தள்ள வேண்டும்.