தினமும் வீட்டை விட்டுப் போனவள்

ஊர்சுத்தி என்பது தெரு அவளுக்கு வைத்த பெயர். பொருத்தமான பெயர்தான், அவளே அதற்குத் திரும்பிப் பார்ப்பாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. சில வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்ப்பாள். பிறகு வேலையை உதறிவிட்டு, தன்னந்தனியாகத் தேசம் தேசமாக மாதக்கணக்கில் சுற்றுவாள். கால் சலித்ததும் அண்ணன் வீட்டுக்கே வந்து, தன் பழைய அறையில் குப்புறப் படுத்து இரண்டு நாள் தூங்குவாள். கல்யாணம் கார்த்திகை எதுவும் கிடையாது. நாற்பது தாண்டிவிட்டதால் கேட்பவர்களும் ஓய்ந்துவிட்டார்கள்.

போன பயணம் பாதியில் நின்றதற்கு அவள் முதுகுதான் காரணம். ஏதோ ஒரு ரயில் நிலையப் படிக்கட்டில் பையைத் தோளில் மாட்டியவளுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. பாஷை தெரியாத நாலு பேர் அவளைக் குண்டுக்கட்டாகத் தூக்கிக் கீழே இறக்கினார்கள். அந்தக் கேவலம் இன்னொரு தடவை வேண்டாம் என்று, அடுத்த பயணத்துக்கு டிக்கெட் எடுத்த கையோடு முதுகு வைத்தியம் பார்க்கிற அம்மாளிடம் போனாள்.

"பையில கனம் வச்சு தினமும் ஒரு மணி நேரம் நடங்க. லிப்ட் பக்கமே போகக் கூடாது, படிதான். புதுச் செருப்பு, கோட்டு எல்லாம் இப்பவே போட்டுப் பழகுங்க. முதுகு ஒத்துக்கிட்டா போங்க. இல்லன்னா டிக்கெட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு வீட்டுல இருங்க" என்று அந்த அம்மாள் கறாராகச் சொல்லிவிட்டார்.

அன்று முதல் சாயங்காலம் ஆனால் ஊர்சுத்தி பெரிய பையில் பழைய புத்தகங்களையும் அரிசியையும் அடைத்து முதுகில் ஏற்றிக்கொள்வாள். சொட்டு மழை இல்லாத நாளில் மழைக்கோட்டைக் கழுத்து வரை மாட்டிக்கொண்டு, நாலு மாடியும் படியிலேயே இறங்கிப் போவாள். பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் பத்து நிமிஷம் உட்காருவாள். புதுச் செருப்பு கடித்த காலோடு நொண்டி நொண்டித் திரும்பி வருவாள். வியர்வையில் முகம் அழுதது போலவே இருக்கும்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? முதல் நாள் பார்த்தார்கள், இரண்டாம் நாள் உச்சுக் கொட்டினார்கள், மூன்றாம் நாள் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். அண்ணிக்காரி தினமும் நாத்தனாரை வீட்டை விட்டு விரட்டுகிறாள். போக்கிடம் இல்லாத பெண் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டு, மானத்தை விட்டுத் திரும்பி வருகிறாள்.

"லிப்டுல கூட ஏற விடல பாரேன். அதுவும் லிப்ட் ரிப்பேர் பண்றவனோட தங்கச்சி!" என்றாள் கீழ்வீட்டு அக்கா. இவள் தெரு முழுவதற்கும் அக்கா. நல்லவள்தான். நல்லவர்கள் நம்பிவிட்டால் அதை மாற்றுவதுதான் பெரும்பாடு.

அண்ணிக்கு விஷயம் தெரிந்தது சலவைக்கடையில். எப்போதும் சிரித்துப் பேசுகிற கடைக்காரர், முகத்தைத் திருப்பிக்கொண்டு துணிமூட்டையைத் தள்ளினார். "எல்லாத்தையும் மேல இருக்கறவன் பார்த்துட்டுத்தாம்மா இருக்கான்" என்றார். மேலே இருக்கிறது நாம்தானே, நாலாவது மாடியில் என்று குழம்பிய அண்ணி, கீழ்வீட்டு அக்காவிடம் விசாரித்தபோது பூரா விவரமும் வந்து விழுந்தது.

அன்று அடுப்படியில் அண்ணி அழுதாள். வெங்காயம்கூட நறுக்கவில்லை, சும்மா நின்று அழுதாள். அந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து நாத்தனாரை ஒரு சொல் கடிந்ததில்லை. ஒவ்வொரு பயணத்துக்கும் மருந்து மாத்திரை கட்டிக் கொடுத்து அனுப்பியது அவள்தான். அவளுக்கா இந்தப் பேர்!

ஊர்சுத்திக்கு ரத்தம் கொதித்தது. அடுப்படியிலிருந்து நேரே கீழ்வீட்டுக்கு இறங்கிப் போனாள்.

"அக்கா, எங்க அண்ணி தங்கம். நான் ஊருக்குப் போறதுக்காக நடந்து பழகறேன், அவ்வளவுதான்."

கீழ்வீட்டு அக்கா அவள் கன்னத்தைத் தடவினாள். "விட்டுக்கொடுக்க மாட்டேங்குறியேடி கண்ணு. இந்தக் காலத்துல இப்படி ஒரு பொறுமையா!"

சலவைக்கடைக்காரரும் அதையேதான் சொன்னார். எடுத்துச் சொல்லச் சொல்ல இவள் தெய்வமானாள், அண்ணி பேயானாள். தலையில் அடித்துக்கொண்டு மாடி ஏறி வந்தால், வாசலிலேயே அண்ணி நின்றாள்.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. என்னாலதான் நீ இப்படி ஊர் ஊரா ஓடறியா? இங்க உனக்கு ஏதாவது குறை வச்சுட்டேனா?"

"ஐயோ, இல்ல அண்ணி!"

"தெருவுலயும் இதத்தானே சொன்ன. எவ நம்பினா?"

ஆக, அண்ணியே நம்பவில்லை. இந்தச் சந்தேகத்தை இந்த மனுஷி எத்தனை வருஷமாக மனசுக்குள் வைத்துக்கொண்டு மருந்து கட்டிக் கொடுத்தாளோ என்று நினைத்தபோது, ஊர்சுத்திக்கு முதுகை விட நெஞ்சு அதிகமாக வலித்தது. "டிக்கெட்டை ரத்து பண்ணிடறேன் அண்ணி. உங்க பேர் கெட்டு நான் எங்கேயும் போக வேண்டாம்" என்றாள்.

"நல்லா இருக்கே! நீ போகலன்னா அதுக்கும் நான்தான் காரணம்பாங்க. பையை இங்க கொடு. நானே தூக்கறேன், பார்க்கறவ பார்க்கட்டும்."

மறுநாள் அண்ணி பையைச் சுமந்தாள், ஊர்சுத்தி கையை வீசிக்கொண்டு பக்கத்தில் நடந்தாள். தெரு அடித்தது பாருங்கள் ஒரு பல்டி! பாவம் அண்ணி, வாயில்லாப் பூச்சி, ஊர்சுத்தி அவளை மூட்டை தூக்க வைத்துத் துரத்துகிறாள் என்றார்கள். சலவைக்கடைக்காரர் அண்ணிக்கு நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தார். அண்ணியும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இது சரிப்படாது என்று ஆளுக்கொரு பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அண்ணன்காரன் இரண்டு பெண்களையும் அடித்துத் துரத்திவிட்டான் என்று ஆயிற்று. வீட்டில் குரல் உயர்த்தத் தெரியாத மனுஷன் அவர். முடிதிருத்தகத்தில் பாதி சவரத்தில் கத்தியை நிறுத்திவிட்டு, "பொம்பளைங்க பாவம் சும்மா விடாது சார்" என்றார்களாம். சோப்பு நுரையோடு ஓடி வந்துவிட்டார்.

அப்படி நடந்த ஒரு சாயங்காலம், பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தபோது ஒரு பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. யாரும் ஏறவில்லை. போய்விட்டது. அண்ணி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏய்."

"என்ன அண்ணி?"

"எனக்கு வீட்டுல யார் மேலயும் கோபம் இல்ல. ஒரு குறையும் இல்ல. ஆனா முதுகுல பையோட இருந்தேனா, அந்த பஸ்ஸைப் பார்த்ததும் சட்டுன்னு ஏறிடலாம்னு தோணிடுச்சுடி."

ஊர்சுத்தி அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதுதானா உனக்கும்?"

"இதேதான் அண்ணி."

"அடக் கழுதை! இத முன்னாடியே சொல்லியிருந்தா நான் இத்தனை வருஷம் அழுதிருக்க வேண்டாமே" என்று அண்ணி அவள் முதுகில் ஒன்று வைத்தாள். முதுகு பிடித்துக்கொள்ளவில்லை. வைத்தியம் பார்த்த அம்மாளும் பிறகு சோதித்துப் பார்த்துவிட்டு, போய் வாருங்கள் என்றார்.

புறப்படுகிற அன்று வாசலில் டாக்சி நின்றது, தெருவே கூடிவிட்டது. கீழ்வீட்டு அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கடைசியில நிஜமாவே வெளிய அனுப்பிட்டீங்களே. நல்லா இருங்க" என்றாள்.

அண்ணி அதைக் காதிலேயே வாங்கவில்லை. டாக்சி ஜன்னலுக்குள் தலையை விட்டு, "சீக்கிரம் வந்து சேரு. நீ வந்ததும் நான் கிளம்பணும்" என்றாள்.

ஊர்சுத்திக்கு முகம் வெளுத்தது. "என்கூடவா அண்ணி?"

"உன்கூட எதுக்குடி? நான் தனியாத்தான் போவேன்."

அண்ணன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப நான்?" என்றார்.

"நீங்க எங்கேயும் போயிடாதீங்க" என்றாள் அண்ணி. "திரும்பி வர எங்களுக்கு ஒரு வீடு வேணாமா?"