மூடாத நிப்பிள்

முடிச்சூர் மூன்றாவது குறுக்குத் தெருவில் ஜெயப்ரியா ஏழு வருடங்களாகக் காரின் பிரேக்கை மிதித்தபடி உட்கார்ந்திருக்கிறாள். காலை எடுத்தால் அவள் கணவர் வீராசாமிக்கு மூச்சு நின்றுவிடும். இதில் தெருவில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

அந்தப் பழைய வெள்ளைக் கார் பெருவெள்ளத்தில் மூன்று நாள் மூழ்கிக் கிடந்தது. பிறகு ஓடத்தான் செய்தது; பிரேக் மட்டும் பஞ்சுபோல் அமுங்கியது. குழாயில் காற்று ஏறியிருக்கிறது, சக்கரத்துக்குப் பின்னால் உள்ள நிப்பிள் என்கிற சின்னத் திருகைத் திறந்து அதை எடுக்க வேண்டும், துருப்பிடித்த நிப்பிள், நீங்கள் தொடாதீர்கள் என்றார் மெக்கானிக். வயலை மனையாக்கி விற்ற குடும்பத்து மூத்த பிள்ளை வீராசாமி. யார் சொல்லியும் கேட்டுப் பழக்கமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியை டிரைவர் சீட்டில் உட்காரவைத்துவிட்டுப் பின்சக்கரத்தருகே படுத்தார்.

அவள் மிதித்துப் பிடிக்க வேண்டும். அவர் நிப்பிளைத் திறந்தால் ஆயிலோடு குமிழிகள் வெளியே வரும். அவர் மூடிய பிறகே அவள் காலை எடுக்கலாம். முந்திக்கொண்டால் குழாய் வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். அவள் முந்திக்கொண்டாள். மதில்மேல் நின்ற சேவல் பொத்தென்று விழுந்தது. அதன் மூச்சைக் குழாய் இழுத்துக்கொண்டுவிட்டது. இரண்டாம் முறை எதிர்வீட்டு நாய்.

"ஏய், சொல்றதுக்கு முன்னாடி ஏண்டி வுட்ட?"

"நாய் செத்துகினு கீதுங்க. போதும், வெளிய வாங்க."

"நாயி போனா இன்னா? மிதி!"

ஆத்திரத்தில் ஸ்பானரை வீசிவிட்டு, கட்டிங் பிளேயரால் முறுக்கினார். நிப்பிள் பாதி திறந்தபடியே முறிந்தது. ஜெயப்ரியாவின் கால் நூலளவு தளர்ந்தது. காருக்கடியில் வீராசாமியின் முகம் நீலம் பாரித்தது. அவள் அலறிக்கொண்டே திரும்ப மிதித்தாள். மூச்சு வந்தது.

மெக்கானிக் வந்து பார்த்தார், கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். செங்கல் வைத்துப் பார்த்தார்கள். பெடல் அதைப் பஞ்சுபோல் தூக்கியது. தப்பித்துவிடலாம் என்று வீராசாமி பஸ் பிடித்துப் பொத்தேரிவரை போனார். இங்கே அவள் லேசாகத் தளர்த்த, அங்கே டீக்கடை பெஞ்சிலிருந்து சரிந்தார்.

வருடங்கள் போயின. காரைச் சுற்றித் தார்ப்பாய் மறைப்பு வந்தது, மேலே தகரக் கூரை வந்தது. பெடலில் ஒரு கால் வந்து அமர்ந்த பிறகே மறு காலை எடுப்பாள், தூங்குவதும் மிதித்தபடியேதான். வீராசாமி சமைத்தார், ஊட்டினார், வீங்கிய கால்களுக்கு எண்ணெய் தடவினார். விடிந்ததும் முதலில் மூச்சை இழுத்துப் பார்ப்பார், பிறகுதான் கண்ணைத் திறப்பார்.

"இன்னாய்யா, கொயம்புல உப்பு தூக்கலாமே? அக்காவுக்குக் கோவம் வந்துடப் போவுது, பாத்துக்க!" என்று மீன்கூடையோடு போகும் கங்கையம்மாள் சிரிப்பாள். அவருக்குச் சிரிப்பு வராது. ஜெயப்ரியா அசந்துவிடுவாளோ என்று அவர் பயப்படவில்லை. தினமும் காலையில் அவள், "இன்னிக்குப் புடிச்சிக்கிறேன்" என்பாள். நாளையைப் பற்றி ஒருநாளும் சொன்னதில்லை. கேட்க அவருக்குத் தைரியம் வந்ததில்லை.

போன மாதம் வாக்காளர் பட்டியல் சரிபார்க்க சுபத்ரா டீச்சர் வந்தார். ஜெயப்ரியாவை வீட்டுக்குள் வந்து கையெழுத்துப் போடச் சொன்னார்.

"வர முடியாது டீச்சர். காலை எடுத்தா அவரு போய்டுவாரு."

டீச்சர் தலையாட்டிவிட்டு ஜன்னல் வழியே தாளை நீட்டினார். ஜெயப்ரியா அதை ஸ்டியரிங்மேல் வைத்துக் கையெழுத்திட்டாள். பிறகு வாசலில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற வீராசாமியை வெகுநேரம் பார்த்தாள். டீச்சர் பொறுமையாகக் காத்திருந்தார். கடைசியில் அவள் காலை எடுக்காமலே தலையைக் குனிந்துகொண்டதும், வீராசாமியின் பெயருக்கு எதிரே 'உயிருடன் உள்ளார்' என்று குறித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.