மலைப்பாதையில் ஐந்து நட்சத்திரம்

நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். "மூச்சை இழுத்துப் பிடிங்க, ஆடாதீங்க" என்றால் எப்பேர்ப்பட்ட ஆளும் கப்சிப். வீட்டில்தான் என் பேச்சு எடுபடாது. தம்பி ஒருவனைத் தவிர. அவன் சின்ன வயதிலிருந்தே அக்கா கிழித்த கோட்டைத் தாண்டாதவன். அதுவே வினையாகப் போயிற்று.

அம்மா இறந்தபோது அவன் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு எங்கோ தொலைவில் இருந்தான். வந்து சேர்ந்தது மறுநாள் மதியம். எல்லாம் முடிந்திருந்தது. வாசலில் வந்து நின்றவனைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது.

"நானா வரச்சொல்ற வரைக்கும் இந்த வாசப்படியை மிதிக்காத!"

அப்படியே திரும்பிப் போனான். ஆறு வருடம் ஆகிவிட்டது. கோபத்தில் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்வதா, மடையன்? இன்று வருவான், நாளை வருவான் என்று நானும் வீறாப்பாக இருந்தேன். நடுவில் என் போன் தண்ணீரில் விழுந்து அவன் நம்பரும் போயிற்று. யாரிடமாவது கேட்டு வாங்க வாய் வரவில்லை. ராத்திரி சாப்பாட்டைப் பரிமாறும்போது மட்டும், கை தானாக ஒரு தட்டு கூடுதலாக எடுக்கும்.

போன மாதம் என் கணவர் தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். மலைப்பாதையில் இருக்கும் சாப்பாட்டுக் கடை ஒன்றைப் பற்றி யாரோ எழுதியிருந்தார்கள். 'சூப் நல்ல சூடு. ரெண்டாவது தடவை கேட்டாலும் முகம் சுளிக்கல. நாலு நட்சத்திரம்.' எழுதியவர் பெயர் வாண்டு. படத்தில் ஒரு லாரி. உலகத்திலேயே அவனை வாண்டு என்று கூப்பிட்டவர்கள் இரண்டே பேர், அம்மாவும் நானும்.

அதே பாதையில் இன்னும் இரண்டு கடைகளைப் பற்றியும் எழுதியிருந்தான்.

"ஞாயித்துக்கிழமை மலைக்குப் போவோம். நல்ல கடையா பார்த்துச் சாப்பிட்டுட்டு வருவோம்," என்றேன்.

"சாப்பிடவா போறோம்?"

"பின்னே, உருண்டு விளையாடவா?"

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. பிழைக்கத் தெரிந்த மனுஷன்.

ஞாயிறு காலை கிளம்பினோம். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், நடுவில் மேகம் காருக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. அவர் "அங்க பாரு, அருவி" என்றார். நான் நிறுத்தியிருந்த லாரிகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

முதல் கடையில் சூப் நாக்கைச் சுட்டது. நான் வேண்டுமென்றே இரண்டாவது தடவை கேட்டேன். முகம் சுளிக்கவில்லை. அடுத்த கடைக்கு அவன் எழுதியது 'முட்டை ஓரம் முறுகல், பாத்ரூம் சுத்தம்.' இரண்டும் நிஜம். பயல் பொய் சொல்லவில்லை. முறுகல் ஓரத்தை எப்போதும் எனக்குப் பிய்த்துக் கொடுப்பான். மென்றுகொண்டிருக்கும்போதே கண்ணில் நீர் முட்டியது. மிளகு காரம் என்று அவரிடம் சொன்னேன்.

மூன்றாவது கடை மலை உச்சியில், வளைவை ஒட்டி இருந்தது. 'இந்த ரோட்டுலயே இதுதான் நல்ல இடம். வாராவாரம் வருவேன். அஞ்சு நட்சத்திரம்.'

சாப்பாடு தட்டில் வந்தது. கடவுளே! ரொட்டி செருப்பு. குழம்பில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. என் கணவர் ஒரு வாய் வைத்துவிட்டு, தண்ணீரைக் குடித்து விழுங்கினார்.

"உன் தம்பிக்கு என்ன ஆச்சு?" என்றார்.

கல்லாவில் இருந்த கடைக்காரம்மாவிடம் போனேன். "லாரி ஓட்டறவர், ஒல்லியா, கொஞ்சம் தோளைச் சாய்ச்சு நடப்பார். தெரியுமா?"

"அவரா! வியாழக்கிழமை தவறாம வருவாரு. காய்கறி மூட்டை எல்லாம் அவர்தான் கொண்டாந்து போடறாரு. அதோ அந்த ஜன்னல்கிட்டதான் உக்காருவாரு. வேற இடம் காலியா இருந்தாலும் அங்க உள்ளவங்க எழுந்திருக்கிற வரைக்கும் நிப்பாரு."

ஜன்னலுக்குப் போய் நின்றேன். மேகம் விலகியிருந்தது. கீழே எங்கள் ஊர் முழுதாகத் தெரிந்தது. ஆறு, பாலம், ஆஸ்பத்திரியின் வெள்ளைக் கட்டிடம், அதற்குப் பின்னால் எங்கள் தெரு.

"அந்த வெள்ளைக் கட்டிடத்துலதான் அவங்க அக்கா வேலை பார்க்குதாம்," என்றார் கடைக்காரம்மா. "முக்கால் மணி நேரத்துல இறங்கிடலாமே, போய்ப் பாருங்கன்னு எத்தனையோ தடவை சொல்லிட்டேன். 'அக்கா இன்னும் வரச்சொல்லலைங்க'ன்னுவாரு."

அங்கேயே, அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வாரத்துக்கு ஒரு தடவை இந்த ரொட்டியைக் கடித்துக்கொண்டு என் தெருவைப் பார்த்திருக்கிறான். பாவி, நான் எப்படிப்பட்ட பாவி.

"அவர் நம்பர் இருக்கா?"

கடைக்காரம்மா தன் போனிலேயே போட்டுக் கொடுத்தார். மணி அடித்தது.

"சொல்லுங்கம்மா, தக்காளி வேணுமா?" என்றது அவன் குரல். பின்னால் என்ஜின் இரைந்தது.

என்னென்னவோ பேச வேண்டும் என்று ஆறு வருடமாக மனசுக்குள் சேர்த்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. வந்தது என் பழைய வாய்தான்.

"ஏன்டா, இந்தச் சாப்பாட்டுக்கு அஞ்சு நட்சத்திரமா? உன் நாக்கு என்ன செத்தா போச்சு?"

கடைக்காரம்மா முறைத்தார். முறைக்கட்டும்.

அந்தப் பக்கம் என்ஜின் நின்றது.

"அக்கா," என்றான். "வரட்டுமா?"

"வாடா," என்றேன். "இன்னைக்கே வா. வழியில எங்கயும் நிறுத்திச் சாப்பிடாம வா."