காடி வெட்டிய கம்பி

சின்னத்தம்பி நாகலூர் எஸ்டேட்டில் ஃபிட்டர். காப்பிப் பழத் தோல் உரிக்கும் மெஷினும் தண்ணீர் பம்பும் அவர் பொறுப்பு. 1995இல், முட்டி தேய்ந்து சரிவில் ஏற முடியாமல்போன மனைவி வேலம்மாளைச் சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் மூட்டு மாற்று ஆபரேஷனுக்குச் சேர்த்தார்.

காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். நண்பகலில் டாக்டர் சேகர் வெளியே வந்து, திடீரென்று ஆக்சிஜன் இறங்கிவிட்டது, மூச்சுக்கு மெஷின் வைத்திருக்கிறோம் என்றார். மூன்றாம் நாள் வேலம்மாள் இறந்துபோனாள்.

டாக்டர் எதையும் மறைக்கவில்லை. எலும்பை நேராக வெட்டுவதற்காகத் தொடை எலும்பின் துளைக்குள் நீளமான கம்பி ஒன்றை இறக்குவோம். அது இறங்கியபோது உள்ளே இருந்த கொழுப்பு ரத்தத்தில் கலந்து நுரையீரலை அடைத்துவிட்டது. லேசாகப் பலருக்கும் நடப்பதுதான், உயிர் போவது அபூர்வம் என்று விளக்கினார்.

"கம்பி குழாயா இல்லாம கெட்டிங்களா?" என்று சின்னத்தம்பி கேட்டார்.

"ஆமாங்க. துளைக்கு நெருக்கமாத்தான் இருக்கும்."

"அப்ப பம்பு ராடு மாதிரி கொழுப்ப உள்ளாற தள்ளியிருக்குமுங்க. கம்பியோட பக்கத்துல நீளப் பள்ளமா காடி வெட்டியிருந்தா, அது வழியா மேல வழிஞ்சிருக்கும்."

எஸ்டேட்டில் பேசும் அதே குரலில்தான் சொன்னார்.

மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் மனைவியின் உடல் நகராமல் வேனில் பிடித்துக்கொண்டு வந்தார். அழுகை வரவில்லை. காரியம் முடிந்த மறுநாளே வேலைக்குப் போனார். யாராவது சோறு போட்டால் சாப்பிட்டார்.

எட்டு மாதம் கழித்து டாக்டர் சேகர் எஸ்டேட்டுக்கு வந்தார். பையிலிருந்து ஒரு கம்பியை எடுத்துக் கொடுத்தார். குழாய்போல உள்ளே கூடு, வெளியே நீளவாக்கில் காடிகள். வெளிநாட்டில் இப்படி இருப்பது தனக்கு முன்பு தெரியாது என்றார். இப்போது கம்பி நுழையும் துளையையும் பெரிதாகப் போட்டு, உள்ளே இருப்பதை உறிஞ்சி எடுத்த பிறகே மெதுவாக இறக்குகிறாராம். பதினோரு பேருக்குச் செய்ததில் யாருக்கும் அப்படி ஆக்சிஜன் இறங்கவில்லையாம்.

சின்னத்தம்பி காடியில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தார்.

"சுத்தமா வெட்டியிருக்காங்க."

"உங்ககிட்டச் சொல்லணும்னு தோணுச்சுங்க. என்னை மன்னிக்கணும்."

கோபமோ ஆறுதலோ வரும் என்று சின்னத்தம்பி சற்று நேரம் காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. "வந்தது நல்லதுங்க" என்று கம்பியைத் திருப்பிக் கொடுத்தார். டீ வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டார்.

திரும்பியபோது, கூட வேலை செய்யும் பெரியண்ணன் வந்தவர் யாரென்று கேட்டார்.

"எங்க ஊட்டுக்காரியப் பாக்கற டாக்டரு."

சொன்ன பிறகுதான், 'பாத்த' என்று சொல்லாமல் 'பாக்கற' என்று சொன்னது அவர் காதில் விழுந்தது. சின்னத்தம்பி கையில் எடுத்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, மெஷின் ஓரமாக உட்கார்ந்தார்.