கழற்றத் தெரிந்தவர்

ஃபிரிட்ஜ் மெக்கானிக்குக்குத் தெருவில் வைத்திருந்த பெயர் 'கழட்டி அண்ணன்'. மாட்டுவதைப் பற்றி அந்தப் பெயரில் ஒரு எழுத்தும் இல்லை என்பதை இருபது வருடமாக அவர் கவனிக்கவில்லை. அவர் வீட்டு மிக்ஸி மூன்று டப்பாக்களில் இருந்தது. இஸ்திரிப் பெட்டி நன்றாகச் சூடாகும், ஆனால் பிடி மட்டும்தான் சூடாகும். மாட்டி முடித்த பிறகு நாலு ஸ்குரூ மிஞ்சினால், "கம்பெனிக்காரன் எப்பவும் ரெண்டு சேர்த்துத்தான் வைப்பான்" என்று சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்.

அவர் மனைவி தபாலாபீஸ் கவுண்டரில் முத்திரை குத்துகிறவள். அந்த நிதானமான கைக்கு ஏற்ற பொழுதுபோக்காக, ஆறு வருடமாக ஒரு கிளப்பில் பிஸ்டல் சுட்டுக்கொண்டிருந்தாள். ரிம்ஃபயர் பிஸ்டல். பயறு அளவு குண்டு, தோட்டாவின் விளிம்பில் அடி விழுந்தால் வெடிப்பது. உரிமம் கணவன் மனைவி இரண்டு பேர் பெயரிலும் இருந்தது, திறமை ஒருவர் பெயரில்தான் இருந்தது.

அன்று மத்தியானம் மூன்று மணிக்குத் தேர்வு. வெளியூர்ப் போட்டிக்குப் போகும் டீமில் மூன்று இடம் நிரம்பிவிட்டது, மிச்சம் ஒன்று. அதற்கு அவளும் ஒரு பல் டாக்டரும் போட்டி. போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் அந்த இடம் அவள் கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமல் போயிருந்தது. இந்த வருடம் அதை விடுவதில்லை என்று வாயைத் திறந்து அவள் சொல்லவில்லை. ஒரு மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை, அவ்வளவுதான்.

கிளப்பில் மெக்கானிக்குக்குப் பெயரே கிடையாது. 'மேடத்தோட வீட்டுக்காரர்'. தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு பின்வரிசை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அவள் ஜெயித்தால் அதில் தன் கையும் கொஞ்சம் இருக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஆசைதான், பொறாமை இல்லை. பொறாமைக்காரனால் இவ்வளவு கெடுதல் செய்திருக்க முடியாது.

காலை எட்டு மணிக்கு அவள் அரை நாள் வேலைக்குக் கிளம்பினாள். "பிஸ்டல் பெட்டியைத் தொடாதீங்க, வந்து எடுத்துக்கறேன்" என்று சொன்னவள், அவசரத்தில் சாவியை அலமாரிக் கதவிலேயே விட்டுவிட்டுப் போனாள். அவள் கல்யாண வாழ்க்கையில் செய்த ஒரே கவனக்குறைவு அது.

எட்டேகாலுக்கு மெக்கானிக்கின் கை அரித்தது.

அந்த பிஸ்டலைப் பற்றி அவளுக்கு ஒரு கொள்கை உண்டு. "இதைக் கழட்டவே கூடாதுங்க. குளிப்பாட்டினா காய்ச்சல் வர்ற பிள்ளை இது. பேரலுக்குள்ள ஒரு துணியை விட்டு இழுத்தாப் போதும்." ஆறு வருடம் குளிக்காத பிள்ளை! முக்கியமான நாளில் அது திக்கினால்? தேர்வில் துப்பாக்கியைச் சோதிக்கும் பரிசோதகர் அழுக்கைப் பார்த்து முகம் சுளித்தால்? சாப்பாட்டு மேஜையில் பழைய பேப்பரை விரித்தார். குண்டு இல்லை என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டார். அந்த மட்டில் அவர் யோக்கியர்.

கழற்ற ஏழு நிமிடம் ஆனது. பின்பக்கத் தாழ்ப்பாளை நெம்பினார், ஸ்பிரிங் கூடு வந்தது. போல்ட் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. பேரல் தனியாக வந்தது. ஆறு வருட அழுக்கை எதிர்பார்த்தவருக்கு ஒரு வார மசிதான் அகப்பட்டது. அது ஏன் என்று யோசிக்கிற ஆள் அவர் இல்லை. பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்த்தார், மண்ணெண்ணெயில் அலசினார், காதுக் குச்சியால் சந்து பொந்தெல்லாம் நோண்டினார். குறி பார்க்கும் பின்தகட்டின் ஸ்குரூ மேல் சிவப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுரண்டி எடுத்தார். ஸ்குரூ கொஞ்சம் தளர்வாக இருந்ததால் ஒன்றரைச் சுற்று முறுக்கியும் வைத்தார். பிஸ்டல் கல்யாண மாப்பிள்ளை மாதிரி மின்னியது.

பிறகு மாட்ட உட்கார்ந்தார்.

கையேட்டைப் புரட்டினார். கழற்றுவதற்குப் பதினான்கு படங்கள் இருந்தன. மாட்டுவதற்கு ஒரே வரி: 'கழற்றியதற்கு எதிர் வரிசையில் பொருத்தவும்.' இதை எழுதியவன் நிச்சயம் மாட்டிப் பார்த்ததில்லை. தோட்டாவுக்கு அடி கொடுக்கும் ஹேமருக்கு அடியில் ஈர்க்குச்சி மாதிரி ஒரு கம்பி தொங்கியது. ஸ்பிரிங் கூட்டில் இருக்கும் குழிக்குள் அது போய் உட்கார வேண்டும். அதற்கு பிஸ்டலைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும், டிரிகரை அழுத்த வேண்டும், பிறகு நிமிர்த்த வேண்டும், பிறகு சாய்க்க வேண்டும். கம்பியோ கூப்பிட்ட வீட்டுக்குப் போகாத கோபக்கார மாமா மாதிரி ஒவ்வொரு தடவையும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. தாழ்ப்பாள் மூடினால் போல்ட் நகரவில்லை. போல்ட் நகர்ந்தால் தாழ்ப்பாள் மூடவில்லை.

வீடியோவில் ஒரு மீசைக்காரர் நாற்பது நொடியில் மாட்டிவிட்டுச் சிரித்தார். முக்கியமான இடத்தில் அவருடைய கட்டைவிரல் மறைத்தது. பதினோரு தடவை பார்த்தும் கட்டைவிரல் விலகவில்லை.

துப்பாக்கிக் கடைக்காரருக்கு போன் போட்டார்.

"அதைக் கழட்டிட்டீங்களா? யாரு சொன்னா கழட்டச் சொல்லி?"

மச்சானுக்கு, அதாவது மனைவியின் தம்பிக்கு, போட்டார். அவன் லேத் பட்டறை வைத்திருப்பவன்.

"அக்காவோடதையா? மாமா, நான் இந்த போனை எடுக்கவே இல்லை. நீங்களும் பண்ணலை." வைத்துவிட்டான்.

பதினொன்றரைக்குள் அவர் ரப்பர் சுத்தியலால் தட்டிப் பார்த்தார், எண்ணெய் போட்டார், கெஞ்சினார், திட்டினார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். மணி பன்னிரண்டரை ஆனபோது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அவருக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பொருளைக் கழற்றியதற்காக அழுகை வந்தது.

மனைவி வாசலில் நின்று மேஜையைப் பார்த்தாள். கத்தவில்லை. பையை வைத்தாள், கையைக் கழுவினாள், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பேரலை எடுத்தாள், போல்ட்டை விட்டாள், அதைப் பிடிக்கும் பின்னைச் செருகினாள். பிஸ்டலைத் தலைகீழாகப் பிடித்து ஒரு சின்ன உதறு உதறினாள். 'டக்' என்று தாழ்ப்பாள் மூடியது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, அதில் பாதி நேரம் அவள் இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு... மாட்டத் தெரியுமா?"

"ஆறு வருஷமா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கழட்டித் துடைக்கறேன். நீங்க மத்தியானம் தூங்கறப்போ."

"கழட்டவே கூடாதுன்னு சொன்னியே?"

"கழட்டலாம்னு சொல்லியிருந்தா, மிக்ஸிக்குப் பக்கத்துல நாலாவது டப்பா வந்திருக்கும்."

அவள் பிஸ்டலைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். அப்போதுதான் முகம் மாறியது.

"இங்க ஒரு சிவப்புப் புள்ளி இருந்துச்சே?"

"அழுக்குன்னு நினைச்சு..."

"நெயில் பாலிஷ்ங்க. குறி சரியா விழ ஸ்குரூ எந்த இடத்துல நிக்கணும்னு நான் வச்ச அடையாளம். ஸ்குரூவையும் திருகினீங்களா?"

"லேசா."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த இடத்தைக் கண்டுபிடிக்க அவளுக்கு மூன்று மாதம் ஆகியிருந்தது.

தேர்வில் கணக்கில் சேராமல் சுட்டுப் பார்க்க ஐந்து குண்டுதான் கொடுப்பார்கள். ஸ்குரூவைப் பழைய இடத்துக்குத் திருப்பிப் பார்த்துப் பார்த்தே ஐந்தையும் அதற்குத் தின்னக் கொடுத்தாள். கணக்கில் சேரும் முதல் சில குண்டுகள் குறிக்குக் கீழே பட்டன, அதற்குப் பிறகு ஒன்றுகூடத் தவறவில்லை. பின்வரிசை பெஞ்சில் மெக்கானிக் தண்ணீர் பாட்டிலை நசுக்கிக்கொண்டிருந்தார். பல் டாக்டர் இரண்டு பாயிண்ட்டில் ஜெயித்தார்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. பரிசோதகர் அவள் பிஸ்டலைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். "என் சர்வீஸ்ல இவ்வளவு சுத்தமா ஒரு பிஸ்டலைப் பார்த்ததில்லை. யாரு கைவேலை?"

கிளப் தலைவர் முகம் மலர்ந்தது. "வேற யாரு, மேடத்தோட வீட்டுக்காரரு. மெக்கானிக் இல்லையா! சார், டீமோட துப்பாக்கியெல்லாம் பார்த்துக்க ஒரு ஆள் வேணும். நீங்களே வந்துடுங்க. டிராவல், ரூம், டிராக் சூட் எல்லாம் கிளப் செலவு."

ஆறு வருடமாக அவர் காத்துக்கிடந்த வார்த்தை. அவர் மனைவியைப் பார்த்தார். அவள் காதுக் கவசத்தின் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள், சுருட்டினதையே மறுபடி சுருட்டினாள்.

"சார், நான் கழட்டினேன், அவ்வளவுதான். மாட்டினது இவ. வருஷக்கணக்கா இவதான் பார்த்துக்கறா. இன்னைக்கு இவ தோத்ததும் என்னாலதான்."

எல்லோரும் சிரித்தார்கள். "பாருங்கய்யா பெருந்தன்மையை!" என்றார் தலைவர். "இந்தக் காலத்துல பொண்டாட்டிக்குப் பேர் வாங்கிக் கொடுக்கற மனுஷன் யாரு இருக்கா?" பல் டாக்டர் கையே தட்டினார்.

மெக்கானிக் நேராக மேஜைக்குப் போனார். பிஸ்டல் காலி என்று பரிசோதகரிடமே காட்டினார். காலையில் ஏழு நிமிடம் எடுத்ததை இப்போது இரண்டே நிமிடத்தில் செய்தார். பேரல், போல்ட், ஸ்பிரிங் கூடு, பின் என்று எல்லாவற்றையும் தலைவர் முன்னால் பரப்பினார்.

"இதை மாட்ட எனக்குத் தெரியாது. காலையில மூணு மணி நேரம் பார்த்துட்டேன்."

"விளையாடாதீங்க" என்றார் தலைவர். "எதிர் வரிசையில போட்டா முடிஞ்சுது." கோட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். கால் மணி நேரம் கழித்துப் பரிசோதகர், "நகருங்க, நான் பார்க்கறேன்" என்றார். பல் டாக்டர், "நாங்கல்லாம் இதைவிடச் சின்ன இடத்துல வேலை பார்க்கறவங்க" என்று ஆரம்பித்து, ஸ்பிரிங் கட்டைவிரலைக் கடித்ததும் நிறுத்தினார். மேஜையைச் சுற்றி ஒன்பது ஆண்கள், ஒன்பது யோசனைகள். ஒரு பின் உருண்டு பீரோவுக்கு அடியில் போக, டீமின் மூத்த வீரர் தரையில் படுத்து அதைத் தேடினார்.

மெக்கானிக் பெஞ்சுக்கு வந்து மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ரெண்டு பாயிண்ட்டும் நான் தின்னதுதான்."

"ஆமா" என்றாள் அவள். ஆறுதலாக ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

கடைசியில் தலைவரே வேர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "அம்மா, கொஞ்சம் வந்து மாட்டிக் காட்டுங்களேன். எல்லாரும் பார்த்துக் கத்துக்கறோம்."

அவள் எழுந்து போனாள். மூத்த வீரர் கையிலிருந்து பின்னை வாங்கினாள். எல்லாத் துண்டுகளையும் அப்படியே பெட்டிக்குள் தள்ளி மூடிப் பூட்டினாள்.

"இங்க மாட்டினா, நாளையிலேர்ந்து ஆளுக்கொரு துப்பாக்கியைத் தூக்கிட்டு என் வீட்டு வாசல்ல நிப்பீங்க சார். எனக்கு அடுத்த வருஷத்துக்குப் பழகணும்."